பட்டியலை விட்டு ஆளைப் பின்தொடருங்கள்: எக்ஸ்பெரிமென்டல் மெட்டலும் ஜாஸும் கேட்கப் போய்க் கற்றது

முதல் எட்டு மாதத்தில் 35,000 ரூபாய் போனது. இடது காதில் ரீங்காரம் வந்தது. வாங்கிய ஆல்பங்களில் ஒன்றுகூட மனதில் நிற்கவில்லை. இசை கடினமானது என்பதால் இப்படி ஆகவில்லை, நுழைந்த வாசல் தப்பு. எந்த ஆல்பத்தை முதலில் கேட்பது, எவ்வளவு சத்தத்தில் கேட்பது, எதை எப்போது காசு கொடுத்து வாங்குவது என்று ஒருவர் முன்பே சொல்லியிருந்தால் பணமும் மிஞ்சியிருக்கும், காதும் தப்பியிருக்கும். இந்தப் பக்கம் வர நினைக்கும் வேறு ஒருவருக்காவது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பெரும்பாலானோர் செய்யும் தவறு, ஆண்டிறுதிப் பட்டியல்களையும் 'கட்டாயம் கேட்க வேண்டியவை' பட்டியல்களையும் மேலிருந்து கீழாகக் கேட்கத் தொடங்குவது. நானும் அதையே செய்தேன். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்து மெட்டல் குழு போர்ட்டல் 2021இல் வெளியிட்ட 'அவாவ்', ஜெர்மனியின் ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் பீட்டர் ப்ரோட்ஸ்மான் 1968இல் பதிவுசெய்த 'மெஷின் கன்' இரண்டையும் முதல் வாரத்திலேயே வினைல் இசைத்தட்டில் வாங்கினேன். இரண்டுமே அசாத்தியமான பதிவுகள், ஆனால் புதியவருக்கு அவற்றில் பிடிமானம் கிடையாது. போர்ட்டல் தன் கிட்டார்களை மிகவும் கீழே இறக்கி, ஒரு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) முடிந்து அடுத்தது தொடங்கும் இடமே தெரியாதபடி வேண்டுமென்றே குழைத்துப் பதிவுசெய்கிறது. 'மெஷின் கன்'னில் மூன்று சாக்ஸபோன், இரண்டு பேஸ், இரண்டு டிரம்ஸ், ஒரு பியானோ என எட்டுப் பேர் முதல் நொடியிலேயே உச்சத்தில் தொடங்குகிறார்கள். முன்கட்டிய மெட்டும் தாளமும் இல்லாத ஃப்ரீ ஜாஸ் பழகிய காதுக்கு அந்த எட்டுப் பேரும் தனித்தனியாகக் கேட்பார்கள். பழகாத காதுக்கு வெறும் இரைச்சல். "எல்லோரும் மகத்தானது என்கிறார்களே, எனக்கு மட்டும் ஏன் கேட்கவில்லை, எனக்கு இசை ஞானமே இல்லையோ" என்ற தாழ்வு மனப்பான்மை அங்கேதான் பிடிக்கிறது. அந்தத் தவிப்பில்தான் அடுத்த ஆல்பம், அதற்கடுத்து விலை உயர்ந்த ஹெட்போன் என்று கை பணத்தை இறைக்கிறது. பிடிக்காத ஆல்பத்தை அப்படியே ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு வருடம் கழித்து வரலாம். அதில் எந்தக் குறைவும் இல்லை.

காதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போன பணம் திரும்ப வரலாம், காது வராது. இன்றைய மெட்டல் பதிவுகள் பலவற்றில் மெல்லிய ஒலிக்கும் பெரிய ஒலிக்கும் இடையே உள்ள தூரத்தைச் சுருக்கி, எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்குத் தூக்கிவிடுகிறார்கள். இடையில் காதுக்கு ஓய்வு கிடைப்பதில்லை. பேஸ் கிட்டார் என்ன வாசிக்கிறது என்று பிடிக்க முடியாதபோது ஒலியளவைக் கூட்டத் தோன்றும். கூட்டினாலும் பேஸ் தனியாகத் தெரியாது, எல்லாமே சேர்ந்துதான் உயரும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பெரியவர்கள் வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம் வரை கேட்கலாம். மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகும்: 83இல் 20 மணி, 86இல் 10 மணி, 89இல் 5 மணி, 92இல் வெறும் இரண்டரை மணி. ஒரு மணி நேர ஆல்பம் ஒன்றைத் தினமும் 92 டெசிபலில் கேட்டால் மூன்றாவது நாளிலேயே வாரக் கணக்கு தீர்ந்துவிடும். ஐபோனில் ஹெட்போன் ஒலியின் டெசிபல் அளவைத் திரையிலேயே பார்க்கலாம். வேறு போன்களில் ஒலி உச்சவரம்பு வைக்கும் வசதி இருக்கிறதா என்று அமைப்புகளில் தேடிப் பாருங்கள். பஸ்ஸிலோ ரயிலிலோ இந்த வகை இசை வேண்டாம், வெளி இரைச்சலை மீறத் தானாகவே ஒலியைக் கூட்டுவோம். கேட்டு முடித்த பிறகு காது அடைத்தது போல இருந்தாலோ ரீங்காரம் கேட்டாலோ அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். மறுநாளும் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் ஆடியோகிராம் என்ற கேட்கும் திறன் சோதனை எடுங்கள். நான் ஐந்து வாரம் தள்ளிப்போட்டேன், அந்த ஐந்து வாரமும் இரவில் தூக்கம் இல்லை.

கருவியை மாற்றுவதற்கு முன் போனில் உள்ள அமைப்புகளை மாற்றுங்கள், இதற்குக் காசு செலவில்லை. ஷஃபிள் கூடாது. ஒரு பாட்டின் வாலும் அடுத்ததன் தலையும் கலக்கும் கிராஸ்ஃபேடை முழுதாக நிறுத்த வேண்டும். பாடல்களுக்கு இடையே இடைவெளி விழாத கேப்லெஸ் வசதி இயங்க வேண்டும், ஏனென்றால் இந்த ஆல்பங்களில் பல ஒரே ஓட்டமாகப் பதிவானவை. ஈக்வலைசரில் கீழ் ஒலியைத் தூக்கும் பேஸ் பூஸ்ட் வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். கீழே இறக்கிய கிட்டாரும் பேஸும் கிக் டிரம்மும் ஒரே அலைவரிசைப் பகுதியில் மோதிக்கொள்கின்றன, அங்கே இன்னும் தூக்கினால் மூன்றும் ஒரே சேறாகும். 14,000 ரூபாய் கொடுத்து வாங்கிய ஹெட்போனைவிட இந்த நான்கு மாற்றங்கள்தான் அதிகம் உதவின.

இனி வாசல். தமிழ்க் காதுக்கு மிக நல்ல வாசல் தாளம்தான். கையில் ஆதி தாளம் போடத் தெரிந்தால் போதும். ஸ்வீடன் நாட்டு மெட்டல் குழு மெஷூகா 1998இல் வெளியிட்ட 'கேயாஸ்ஃபியர்' ஆல்பத்தில் 'நியூ மில்லேனியம் சயனைடு கிறிஸ்ட்' என்றொரு பாட்டு. டிரம்மர் தோமஸ் ஹாக்கேயின் கைகள் நேரான நாலு அடியில் போகின்றன. கால்களும் கிட்டார்களும் 23 மாத்திரைச் சுற்று ஒன்றைத் திரும்பத் திரும்ப வாசிக்கின்றன. ஐந்து முறை வாசித்தால் 115, கடைசியில் 13 மாத்திரைத் துண்டு ஒன்றைச் சேர்த்தால் 128. நாலு அடி தாளத்தில் எட்டு பார் (தாளச் சுற்று), அடிக்கு நாலு மாத்திரை, அதுவும் 128. நம் கணக்கில் சதுஸ்ர நடையில் ஆதி தாளம் நான்கு ஆவர்த்தனம். சிம்பலை மட்டும் கவனித்துக் கையில் தாளம் போடுங்கள், கிட்டாரைப் பின்தொடர வேண்டாம். கிட்டார் விலகி விலகிப் போய் நான்காவது ஆவர்த்தனம் முடிந்ததும் சமத்தில் வந்து விழும். கோர்வை முடியும்போது கச்சேரியில் கிடைக்கும் அதே நிறைவு அங்கே கிடைக்கும். முதல் முறை கை தவறும், சிம்பல் தெளிவாகக் கேட்கும் இடத்திலிருந்து மறுபடி பிடியுங்கள். மூன்று நாள் இதை மட்டும் செய்தால், இந்த இசை கண்மூடித்தனமான அடி அல்ல என்பது உடம்புக்கே புரிந்துவிடும். 2022இல் வந்த அவர்களின் 'இம்யூட்டபிள்' ஆல்பத்தையும் அதே கைத்தாளத்தோடு கேட்கலாம்.

இங்கிருந்து பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆளைப் பின்தொடர வேண்டும். இதுதான் நான் கற்றதில் முக்கியமானது. இந்த உலகம் சின்னது, ஒருவர் பல குழுக்களில் வாசிப்பார். ஏற்கெனவே பழகிய ஒரு கை புதிய ஆல்பத்தில் இருந்தால் பிடிமானம் தானாகக் கிடைக்கும். ஹாக்கே, நியூயார்க்கின் இம்பீரியல் ட்ரையம்ஃபண்ட் 2020இல் வெளியிட்ட 'ஆல்ஃபாவில்' ஆல்பத்தில் ஜப்பானிய டைக்கோ முரசு வாசித்திருக்கிறார். தங்க முகமூடி அணிந்து வாசிக்கும் இந்த மூவர் குழுதான் இன்று மெட்டலும் ஜாஸும் சந்திக்கும் இடங்களில் மிக ஆழமானது என்பது என் கருத்து. கிட்டாரும் குரலும் ஸாக்கரி எஸ்ரின், பேஸ் ஸ்டீவ் பிளாங்கோ, டிரம்ஸ் கென்னி க்ரோஹவ்ஸ்கி. கேட்க வேண்டிய வரிசை வெளிவந்த வரிசை அல்ல. 2025இல் வந்த 'கோல்ட்ஸ்டார்' முதலில், பாடல்கள் சுருக்கமானவை. அடுத்து 2022இன் 'ஸ்பிரிட் ஆஃப் எக்ஸ்டசி'. அதில் 'மெர்க்யூரியஸ் கில்டட்' பாட்டில், எல்லோரும் மென்மையான மெட்டுக்காக அறிந்த கென்னி ஜி சோப்ரானோ சாக்ஸபோன் வாசிக்கிறார், அந்தக் குழல் இழை ஒன்றைப் பிடித்துக்கொண்டே முழுப் பாட்டையும் கடந்துவிடலாம். 'ஆல்ஃபாவில்' மூன்றாவது. இங்கே வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் கிட்டாரின் அபஸ்வரங்கள். அவை தவறி விழுந்தவை அல்ல, அருகருகே உள்ள சுரங்களை ஒன்றாக அழுத்தி உரசவிடுகிறார்கள். முதல் இரண்டு முறை கிட்டாரை விட்டு பேஸை மட்டும் கேளுங்கள். பிளாங்கோவின் பேஸ் ஜாஸ்காரரைப் போல நடக்கும், அதன்மேல் மற்றவை எங்கே உட்கார்கின்றன என்பது மெல்லத் தெரியும்.

க்ரோஹவ்ஸ்கியின் கை பிடித்துப்போனால் ஜான் ஜோர்ன் எழுதி 2015இல் வந்த 'சிமுலாக்ரம்' பக்கம் போகலாம். ஜோர்ன் அதில் வாசிக்கவில்லை. ஜான் மெடெஸ்கியின் ஆர்கன், மேட் ஹோலன்பெர்க்கின் கிட்டார், க்ரோஹவ்ஸ்கியின் டிரம்ஸ். குரல் இல்லாததால், மெட்டலில் உறுமல் குரல் பிடிக்காதவர்களுக்கு இதுவே முதல் ஆல்பமாக இருக்கலாம்.

இன்னொரு இழை இதைவிட நீளமானது, எனக்கு மிகவும் பிரியமானது. 'ஆல்ஃபாவில்'லைத் தயாரித்தவர் மிஸ்டர் பங்கிள் குழுவின் ட்ரே ஸ்ப்ரூயன்ஸ். அந்தக் குழுவின் பேஸ் கலைஞர் ட்ரெவர் டன். அவர் டிரம்மர் டான் வைஸின் 'ஸ்டேர்பேபி' குழுவில் வாசிக்கிறார். உடன் பென் மாண்டரின் கிட்டார், க்ரெய்க் டேபோர்ன், மேட் மிச்செல் இருவரின் கீபோர்டுகள். 2018இல் 'ஸ்டேர்பேபி', 2020இல் 'நேச்சுரல் செலக்‌ஷன்'. ஜாஸ் கலைஞர்கள் மெட்டலின் கனத்தை எடுத்து நிதானமாகக் கட்டிய இசை இது. அவசரப்படாமல் கேட்க வேண்டும், ஒலி மெலிந்து கிடக்கும் நிமிடங்களில் ஒலியளவைக் கூட்டாதீர்கள், அடுத்த நிமிடம் பேரிடி விழும். டான் வைஸ் முறையாகத் தபலா பயின்றவர், தீன்தால் என்ற இந்துஸ்தானி தாளத்தில் தபலா தனி ஆவர்த்தனம் முழுவதையும் டிரம்ஸுக்கு மாற்றி ஓர் ஆல்பமே போட்டிருக்கிறார். சாக்ஸபோன் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவின் இந்தோ-பாக் கோலிஷன் குழுவில் ரெஸ் அப்பாஸியின் கிட்டாரோடு தபலா வாசிப்பவரும் அவரே, 2017இன் 'அக்ரிமா'வில் கேட்கலாம். அதே மகந்தப்பா 2008இல் 'கின்ஸ்மென்' ஆல்பத்தில் சேர்ந்து வாசித்தது யாரோடு தெரியுமா, நம் கத்ரி கோபால்நாத்தோடு. ஏ. கன்யாகுமரியின் வயலினும் பூவாளூர் ஸ்ரீஜியின் மிருதங்கமும் அதில் உண்டு. 1994இல் 'டூயட்' படத்தில் தமிழ்நாடே கேட்ட அந்த சாக்ஸபோன் மூச்சு. ஸ்வீடனின் இரும்பு ரிஃப்பில் தொடங்கிய இழை இங்கே வந்து சேர்ந்தபோது கண் கலங்கிவிட்டது. எட்டு மாதம் அந்நியமாக நின்ற இசை அன்றைக்குச் சொந்தமாயிற்று.

தனியாக நிற்கும் ஆல்பங்களில் நீண்ட நேரம் கொடுக்க வேண்டியது டென்வரின் மெட்டல் குழு பிளட் இன்கான்டேஷன் 2024 அக்டோபரில் வெளியிட்ட 'ஆப்ஸல்யூட் எல்ஸ்வேர்'. பெர்லினின் ஹான்சா ஸ்டுடியோவில் பதிவானது. மொத்தம் இரண்டே பாட்டு, 'தி ஸ்டார்கேட்', 'தி மெசேஜ்', ஒவ்வொன்றும் 20 நிமிடத்துக்கு மேல், ஒவ்வொன்றும் மூன்று துண்டு. டெத் மெட்டல் என்ற மூர்க்கமான மெட்டல் வகை உச்சத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே சட்டென்று கதவு திறந்தது போல சிந்தசைசர் வெளி விரியும். 'ஸ்டார்கேட்'டின் இரண்டாம் துண்டில் டேஞ்சரின் ட்ரீம் என்ற மின்னணு இசைக் குழுவின் தோர்ஸ்டன் க்வேஷ்னிங் வாசிக்கிறார். துண்டுகளைத் தனித்தனியாகக் கேட்டால் இந்த ஆல்பம் பாழ், மிதக்கும் பகுதி அலுப்பாகவும் இடிக்கும் பகுதி மூர்க்கமாகவும்தான் தோன்றும். ஒரு பாட்டு முழுதாக, பிறகு ஐந்து நிமிடம் மௌனம், பிறகு அடுத்தது. மூர்க்கம் தாங்கவில்லை என்றால் அவர்களே 2022இல் டிரம்ஸே இல்லாமல் செய்த 'டைம்வேவ் ஸீரோ'வை இரவில் கேட்டுவிட்டு வாருங்கள்.

நியூசிலாந்தின் மெட்டல் குழு அல்சரேட் 2024இல் வெளியிட்ட 'கட்டிங் த த்ரோட் ஆஃப் காட்' ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, அடர்த்தி மிக அதிகம். முழுதாக ஒரே மூச்சில் கேட்டதுதான் நான் செய்த தவறு. முதல் வாரம் முதல் பாட்டை மட்டும் நாளுக்கு ஒரு முறை. ஜேமி செய்ன்ட் மெராட்டின் டிரம்ஸில் ப்ளாஸ்ட் பீட் என்ற அதிவேக அடி ஓடும்போது ஸ்னேர் முரசின் அடிகளை எண்ணாதீர்கள், எண்ணவும் முடியாது, சிம்பல் எந்த இடத்தில் நிறம் மாறுகிறது என்று கேளுங்கள். வாக்கியம் அங்கேதான் முடிகிறது. கிட்டாரின் மெட்டு மிக மெதுவாக நகர்கிறது, டிரம்ஸ் மட்டுமே வேகம். இது பிடிபட்டால் ஆல்பம் சோகமான ஆலாபனை போல ஆகிவிடும்.

ஜாஸ் பக்கம் மட்டும் வருபவர்கள், ராக் பழகியிருந்தால், 2024இன் 'தி மெஸ்தெட்டிக்ஸ் அண்ட் ஜேம்ஸ் பிராண்டன் லூயிஸ்' ஆல்பத்தில் தொடங்கலாம். ஃபுகாஸி ராக் குழுவின் ஜோ லாலியும் பிரெண்டன் கான்டியும் கீழே உறுதியான தரை போட்டுத் தருகிறார்கள், லூயிஸின் சாக்ஸபோன் எவ்வளவு தூரம் பறந்தாலும் காது தொலையாது. அடுத்து ஃப்ரீ ஜாஸ் குழு இர்ரிவர்சிபிள் என்டாங்கிள்மென்ட்ஸ் 2023இல் வெளியிட்ட 'ப்ரொடெக்ட் யுவர் லைட்', நியூ ஜெர்சியின் வான் கெல்டர் ஸ்டுடியோவில் பதிவானது. அதில் கவிதை சொல்லும் கமே அயேவா, அதாவது மூர் மதர், 2025இல் மெட்டல் குழு சுமாக்கோடு 'தி ஃபிலிம்' செய்தார். அவர் குரலைப் பிடித்துக்கொண்டே சுமாக்குக்குள் போகலாம். நேராக அவர்களின் 'தி ஹீலர்' போனால் முதல் பாட்டே 25 நிமிடத்துக்கு மேல், பலர் அங்கேயே திரும்பிவிடுவார்கள். காலின் ஸ்டெட்சனை மறக்க வேண்டாம். 2024இன் 'தி லவ் இட் டுக் டு லீவ் யூ' ஆல்பத்தில் மூச்சு விடாமல் சாக்ஸபோன் வாசிக்கிறார், கன்னத்தில் காற்றைத் தேக்கி மூக்கால் இழுக்கும் அதே வித்தை, நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து பிடிப்பவர் செய்வது. தொண்டையிலும் கருவியிலும் மைக் ஒட்டியிருப்பதால் சாக்ஸபோனின் விசைகள் தட்டும் ஓசையே தாளமாகிறது. அவருடைய மெட்டல் முகம் 2017இன் 'எக்ஸ் ஐ'. அதில் வாசித்த ஷாஸாத் இஸ்மாயிலி, 2023இல் பாடகி அரூஜ் அஃப்தாபோடும், தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த பியானோ கலைஞர் விஜய் ஐயரோடும் செய்த 'லவ் இன் எக்ஸைல்' காது களைத்த நாட்களுக்கு நல்ல மருந்து. கிட்டார் கலைஞர் மேரி ஹால்வர்சனின் 'க்ளௌட்வர்ட்', அதில் உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் வைப்ரஃபோன் இசைக்கும் பட்ரிஷியா ப்ரென்னனின் 'ப்ரேக்கிங் ஸ்ட்ரெட்ச்' இரண்டையும் அடுத்தடுத்த நாளில் கேளுங்கள், ட்ரம்பெட் ஆடம் ஓ'ஃபாரில் இரண்டிலும் இருக்கிறார்.

வினைல் பற்றி. என் பணத்தில் 21,000 இதில் போனது, வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஆல்பத்தில் பாதி விலை தபாலும் சுங்கமும்தான், ஒன்று வளைந்து வந்தது. எந்த ஆல்பத்தையும் ஸ்ட்ரீமிங்கில் இரண்டு வார இடைவெளியில் ஐந்து முறையாவது கேட்காமல் வாங்காதீர்கள். கலைஞருக்குப் பணம் போக வேண்டும் என்பதுதான் நோக்கமென்றால் கலைஞர்கள் நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் டிஜிட்டலாக வாங்குங்கள். அங்கே டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுப்பது வழக்கமாக 15 சதவீதம், அவ்வப்போது வரும் பேண்ட்கேம்ப் வெள்ளியன்று அந்தப் பங்கையும் விட்டுவிடுகிறார்கள். அப்படியும் வினைல்தான் வேண்டுமென்றால் ஒரு பக்கத்துக்கு எத்தனை நிமிடம் என்று முதலில் கணக்குப் பாருங்கள். நிமிடத்துக்கு 33 சுற்று வேகத்தில் ஒரு பக்கம் 22 நிமிடத்தைத் தாண்டினால் ஒலி தாழ்ந்துவிடும், தட்டின் நடுவில் உள்ள லேபிளை ஊசி நெருங்கும் கடைசி நிமிடங்களில் சிம்பல் கரகரக்கும், மெட்டலில் அது நன்றாகவே கேட்கும். ஆர்டர் செய்யும்போது தட்டை உறையிலிருந்து வெளியே எடுத்துத் தனியாக வைத்து அனுப்பச் சொல்லி ஒரு வரி எழுதுங்கள், இல்லையென்றால் வழியில் குலுங்கி உறையின் விளிம்பு கிழிந்து வரும். வந்ததும் அன்றே இரண்டு பக்கமும் ஓட்டிப் பாருங்கள், வளைவு இருந்தால் ஊசி ஏறி இறங்குவதை வீடியோ எடுத்து அன்றே அனுப்புங்கள். நான் மூன்று வாரம் கழித்து உறையைப் பிரித்தேன், திருப்பி அனுப்பும் கெடு முடிந்திருந்தது.